முக்கால் கிலோ

கூடியிருக்கிறது. இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டேன், இரண்டு தடவையும் கூடித்தான் இருந்தது, முக்கால் கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அரைக்குக் கீழே போகாது, ஒன்றைத் தொடாது. மூன்றாவது தடவை தூக்க வேண்டாம், கீழே வைக்கும்போது மேசை முனகுகிறது, உள்ளறையில் சவரி தூங்குகிறான். தூங்குகிறானா? மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் குறட்டை கேட்கிறது, ஆனால் குறட்டை விடுவது போல நடிப்பதில் சின்ன வயதிலேயே கெட்டிக்காரன், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு எழுப்பினால் இதே குறட்டைதான். அறுபத்திரண்டு வயதில் ஒருவன் எதற்குத் தூங்குவது போல நடிக்க வேண்டும்? காரணம் இருந்தால் நடிப்பான். காலை பஸ்ஸில் கும்பகோணத்திலிருந்து வந்தான், மூன்று மாதம் முன்பு ஒட்டி வாங்கித் தர எடுத்துப்போன சிலையைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம், மேசையில் வைத்தான், கறிக்குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னான், சாப்பிட்டுக் கை கழுவியதும், "நாலரை பஸ்ஸுக்குப் போகணும்க்கா, அதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். முடிவு என்றால், புதுச்சேரியில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் அவனோடு கும்பகோணம் போய், அவன் வீட்டுப் பின்னறையில் மிச்ச காலத்தை இருப்பதா இல்லையா என்பது. முதலில் சிலையைத் திருப்பிக் கொடுத்தான், பிறகு கேட்டான். ஏன் அந்த வரிசை? அவன் சிலையை மாற்றிவிட்டான் என்றால் நான் போக முடியாது, திருடன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது. மாற்றவில்லை என்றால் கூடியிருப்பது சிலை இல்லை, என் கை பொய் சொல்கிறது, கை பொய் சொல்கிறது என்றால் மற்றதும் சொல்ல ஆரம்பித்திருக்கும். தம்பி, அல்லது நான். மணி இரண்டு இருபது.

மற்றபடி அதேதான். அதே பொம்மை. ஒரு சாண் உயரம், ஒன்றரைச் சாண் நீளம், கறுத்துப்போன வெண்கலம், தரையில் உட்கார்ந்து வலது கையை ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டிருக்கும் அம்மண மனுஷன், மீசை, கழுத்தில் முறுக்கிய கயிறு போல ஒரு வளையம், வலது மார்புக்குக் கீழே குத்து, அதிலிருந்து மூன்று சொட்டு ரத்தம், அந்தச் சொட்டுகளும் வெண்கலம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள், அப்பா சொல்தா, ஓய்வு பெற்று வரும்போது மார்செய் துறைமுகத்துப் பழைய சாமான் கடையில் இதை வாங்கி வந்தார். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது மாதா சுரூபம் வாங்குகிற மாதிரி, நூறு நூற்றைம்பது வருடம் முன்பு ரோமாபுரி பார்க்கப்போன துரைமார்கள் அங்கே உள்ள பெரிய சிலைகளைச் சின்னதாக வார்த்து விற்பதை வாங்கி ஊருக்குக் கொண்டுபோவார்களாம். ரோமில் இருப்பது ஆள் உயரத்துக்குப் பளிங்கு. அந்தப் பளிங்கும் அசல் இல்லை, அதற்கு முன்னே கிரேக்கர்கள் வெண்கலத்தில் செய்ததைப் பார்த்து ரோமாபுரிக்காரன் செதுக்கியது, கிரேக்கனுடையது காணாமலே போய்விட்டது என்று கடைக்காரன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், காசு கொடுத்து நகலின் நகலை வாங்கினவன் நான் ஒருத்தன்தான் என்று. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. குத்துப்பட்டிருக்கிறார், ரத்தம் வருகிறது, முகத்தில் அழுகை இல்லை, ஆகவே விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சி. யார் என்று பெயர் தெரியாத வேதசாட்சிக்கு ஏழு வருடம் மெழுகுவர்த்தி ஏற்றினாள், இடுப்பில் கைக்குட்டை கட்டினாள். வீடு மந்திரிக்க வந்த சாமியார் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றார். "நீங்கதான் சாமி சொல்லணும்" என்றாள் அம்மா. "இது ஞானஸ்நானமே வாங்காத ஆளு." "செத்துட்டாரு இல்ல சாமி, பாவம், ஒரு மெழுகுவர்த்திதான" என்றாள். சாமியார் கைக்குட்டையை இறக்கிவிட்டு அடுத்த அறையை மந்திரிக்கப் போனார். இப்போது கும்பகோணத்தில் யாரோ ஒரு ஸ்தபதி இதை மெழுகில் பதித்து இன்னொன்று வார்த்திருந்தால் அது நகலின் நகலுக்கு நகல். எனக்கு நஷ்டமானது என்ன? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு பதில் சொல்லிவிட்டால் மணி நான்கு ஆகிவிடும், போய்விடலாம். ஆனால் சிலையின் விலையா இப்போது கேள்வி?

வெள்ளைக்காரர்கள் பொள்ளலாக வார்ப்பார்கள், உள்ளே வெறும் கூடு. நம்மவர்கள் சாமி செய்து பழகிய கை, கனமாகத்தான் வார்ப்பார்கள், உள்ளே முழுக்க உலோகம். மாற்றியிருந்தால் கூடத்தான் கூடும். ஆனால் அப்படி முழுக்க வார்த்தால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆகியிருக்கும், முக்கால் கிலோவோடு நிற்காது. அல்லது நிற்கும், பாதி பொள்ளல் விட்டு வார்த்திருந்தால். பீடம் அதே பளிங்குதான், விரிசல் ஓடின இடம் தலைமுடி மாதிரி தெரிகிறது, ஒட்டின பசைக்கு இருபது கிராம் வைத்துக்கொள்ளலாம். மீதி எங்கிருந்து வந்தது? தராசில் வைத்துப் பார்த்த கணக்கு ஒன்றும் என்னிடம் இல்லை. ஐம்பது வருடம் வாரத்துக்கு ஒரு தடவை தூக்கித் துடைத்து வைத்தேன், தராசு தேவைப்படவில்லை. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்தறையில் நின்ற கை இது. களிம்புக்குத் துத்தநாகத் தூள், பேதிக்குக் கொடுக்கிற பொட்டலத்துக்கு உப்பு, எடுத்தால் சரியாக இருக்கும். கூட வேலை பார்த்த ஹமீது பாய் சும்மா இருக்க மாட்டார், காகிதத்தில் எதையாவது கொட்டி என் உள்ளங்கையில் வைப்பார். "எவ்ளோ மேடம்?" "பன்னெண்டு." தராசில் போடுவார், பன்னிரண்டு. "உங்க வீட்ல புளி வாங்கப் போனா கடைக்காரன் ஓடிருவானே!" தராசு என்றே பெயர் வைத்துவிட்டார்கள், தராசு லீவா, தராசு சாப்பிடப் போயிருக்கா. அந்தக் கை போன மழைக்கு வந்த சிக்குன்குனியாவில் வீங்கிக் கிடந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போனது, மணிக்கட்டு வலி போகவில்லை, துணி பிழிய முடியவில்லை, டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறேன். ஒரு சனிக்கிழமை இவரைத் துடைக்கத் தூக்கினேன், பாதி தூரம் வந்ததும் விரல்கள் தாமாக விட்டுவிட்டன. நான் விடவில்லை. விழுந்தார், பளிங்கு விரிந்தது, ஊன்றியிருந்த கை பீடத்தைவிட்டுக் கழன்று மேலே நின்றது. சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றேன். அப்படி ஒரு கை முக்கால் கிலோ என்று இன்று சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? காலையில் பால் பாக்கெட்டைத் தூக்கினேனே, அது கூடித் தெரியவில்லையே. சர்க்கரை ஜாடி கூடித் தெரியவில்லை. வலுவில்லாத கைக்கு எல்லாம்தானே கனக்க வேண்டும், இவர் மட்டும் கனப்பானேன்?

மூன்று மாதம் எதற்கு? ஒரு பீடத்தை ஒட்ட மூன்று மாதமா? முதல் மாதம் கேட்டபோது, "ஸ்தபதி கும்பாபிஷேக வேலையில இருக்காருக்கா." இரண்டாம் மாதம், "ஆயிட்டே இருக்கு." ஒட்டுவதில் ஆயிட்டே இருக்க என்ன இருக்கிறது? மூன்றாம் மாதம் நான் கேட்கவே இல்லை, அவனாகவே, "சிலை ரெடிக்கா, நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு" என்றான். ரொம்ப எங்கிருந்து வந்தது? போன வருடம் அவன் இங்கே இருந்தபோது ஒரு பிரெஞ்சுக்காரி வந்தாள், எதிர்வீட்டு விடுதியில் தங்கியிருந்தவள், திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தாள், சிலையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள், விற்பீர்களா என்றாள். நான் வாயைத் திறக்கும் முன்பே சவரி, "விக்கிறதில்ல, விக்கிறதில்ல" என்றான். இரண்டு தடவை. அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பியவனும் அவன்தான், திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது, வாசலுக்கும் தெருவுக்கும் நாலு படி. அவளோடு என்ன பேசினான்? வழி சொல்லியிருக்கலாம். வேறு எதையும் சொல்லியிருக்கலாம். இன்று காலை துண்டை அவிழ்த்தவன் சிலையை எப்படி வைத்தான், முகம் சுவர்ப் பக்கமாக, முதுகு எனக்கு. நான் திருப்பி வைத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான், சிலையை அல்ல, என்னை. நான் என்ன பார்க்கிறேன் என்பதைப் பார்த்தான். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு கறிக்குழம்பு வாசனையைப் பற்றிப் பேசினான். சவரி அப்படிப்பட்டவன் இல்லை. மின்வாரியத்தில் முப்பது வருடம், ஒரு முழம் கம்பி வீட்டுக்கு வந்ததில்லை. அவன் பையன் வீடு கட்டுகிறான், பாதியில் நிற்கிறது என்று ரெஜினா போனில் சொன்னாள். ரெஜினா எதற்கு அதை என்னிடம் சொன்னாள்? சவரியின் பெண்டாட்டி, நல்லவள், என்னை அண்ணி அண்ணி என்று அழைக்கிறவள், பாத்திரம் பண்டம் பற்றிப் பேசுகிறவள், வீடு கட்டுவதைப் பற்றி அதுவரை பேசினதே இல்லை. இதோ, ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்று இருக்கிறது என்று நினைத்தால் போதும், எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது, ரெஜினாவின் போன்கூட. நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. எழுபத்தாறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, தலை சீவிக்கொண்டிருந்தவள் கண்ணாடியைப் பார்த்து, "இது என் தோடு இல்ல" என்றாள். கல்யாணத்துக்குப் போட்டு ஐம்பத்தைந்து வருடம் கழற்றாத தோடு. "அம்மா, காதுலயே கெடக்குதேம்மா, யாரு மாத்துவா?" "தூங்கும்போது மாத்திட்ட." "நானா?" "வேற யாரு இருக்கா இந்த வீட்ல." சிரித்தேன். அதுதான் தப்பு, சிரித்திருக்கக் கூடாது. மறுநாளும் சொன்னாள், அதற்கு மறுநாளும், குரலை உயர்த்தாமல், மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னாள், பண்ணினேன். பிறகு ஆசாரி கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அவர் தோட்டைக் கழற்றி, உரைகல்லில் உரைத்து, திருகில் அவருடைய அப்பா போட்ட முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். அம்மா பார்த்தாள், தலையை ஆட்டினாள், அப்பாடா என்று இருந்தது எனக்கு. ரிக்ஷாவில் திரும்பி வரும்போது என் காதருகே மெதுவாகக் கேட்டாள், "அவனையும் சரிக்கட்டிட்டியா?" அதற்குப் பிறகு மூன்று வருடம். போர்வையை மாற்றிவிட்டேன், செருப்பை மாற்றிவிட்டேன், கடைசியில் என்னையே யாரோ மாற்றிவிட்டார்கள், உண்மையான அமலியைக் காட்டு என்று அழுதாள். அவள் கண்ணுக்கு அதெல்லாம் மாறித்தான் தெரிந்திருக்கும், அது பொய் இல்லை, இன்று என் கைக்கு இது கனக்கிறது, அதுவும் பொய் இல்லை. எல்லோருக்கும் ஒரு தொடக்கம் இருக்கும் இல்லையா, ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணம் போனால் ரெஜினாவைப் பார்த்து நான், இது என் போர்வை இல்லை என்று சொல்வேன். அவள் சிரிப்பாள். முதல் நாள் சிரிப்பாள்.

தட்டிப் பார்க்கலாம். பொள்ளல் என்றால் ணங் என்று நின்று அடங்கும், சின்ன வயதில் தேக்கரண்டியால் தட்டி அடி வாங்கியிருக்கிறேன். நகத்தால் முதுகில் தட்டினேன். டொக். இன்னொரு தடவை, தோளில். டொக். உள்ளே எதுவோ இருக்கிறது, சத்தம் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. நகம் மெல்லியது, தேக்கரண்டியால் தட்ட வேண்டும், தட்டினால் அவன் எழுந்துவிடுவான். குறட்டை நின்றுவிட்டது. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன், என் வீட்டில், என் மேசைக்கு முன்னால், திருட வந்தவள் மாதிரி. கட்டில் கிரீச்சிட்டது, புரண்டான், மறுபடி குறட்டை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். மீசை சரி, வளையம் சரி, மூன்று சொட்டு ரத்தம் சரி, இடது பாதத்துச் சுண்டுவிரலில் இருந்த தேய்மானம் இருக்கிறது, அதையும் அச்சில் எடுத்துவிடலாம். முகம். குனிந்த முகத்தை நின்றுகொண்டு பார்த்தால் நெற்றியும் மூக்கும்தான். இத்தனை வருடம் மேலே இருந்து துடைத்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும். கன்னத்தை மேசையில் வைத்துச் சாய்ந்து, அடியிலிருந்து பார்த்தேன். கண்ணில் புள்ளி இருந்தது. இரண்டு கண்ணிலும், ஊசி முனையளவு, அதைச் சுற்றி ஒரு வட்டம். அவர் என்னைப் பார்த்தார். மேசை உயரமே இருந்த வயதில் நான் தினமும் இந்தக் கண்ணைப் பார்த்திருக்கிறேன், புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று, ஒன்றும் எழுதாமல் இருக்கும், விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறேன், இவருக்குக் கண் தெரியாது என்று சவரிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். சொல்லிக் கொடுத்தேனா? இல்லை, அது வேறு ஏதாவது பொம்மையா? அறுபது வருடத்துக்கு முந்தைய விரலை எப்படிச் சாட்சிக்குக் கூப்பிடுவது? ஆனால் புள்ளி புதிது. உள்ளே பளபளக்கிறது, சுற்றி எல்லாம் கறுப்பு, அது மட்டும் மஞ்சள். நிமிரும்போது கழுத்து சுளுக்கிக்கொண்டது, அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, நான் சரி, என் கை சரி, எனக்கு ஒன்றுமில்லை. தம்பி திருடன் என்பதற்கு அத்தாட்சி கிடைத்ததில் எனக்கு வந்த சந்தோஷம் அது. அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில் அவனுடைய பை இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், பழைய ரெக்ஸின் பை, ஜிப் முக்கால்வாசி மூடியிருந்தது. நான் திறக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஜிப் ஏற்கெனவே கொஞ்சம் திறந்துதான் இருந்தது என்றாவது சொல்லலாம். திறந்தேன். எதைத் தேடினேன்? ஸ்தபதியின் ரசீது, பிரெஞ்சுக்காரியின் விலாசம், இல்லாவிட்டால் இன்னொரு துண்டில் சுற்றிய அசல் சிலை, கண் தெரியாத சிலை, இங்கே வைத்துவிட்டு அங்கே எடுத்துப் போவதற்கு. ஒரு சட்டை, லுங்கி, பிரஷர் மாத்திரை, ரெஜினா கட்டிக் கொடுத்த புளிசாதப் பொட்டலம், அதை ஏன் சாப்பிடாமல் வைத்திருக்கிறான், என் கறிக்குழம்புக்காகத்தான். அடியில் காலண்டர் தாள், பின்பக்கம் ரெஜினாவின் உருண்டை எழுத்து. மேலே, அண்ணி அறை. ஜன்னலுக்குக் கொசுவலை. பாத்ரூமில் பிடித்துக்கொள்ள கம்பி. கட்டில் கால் அறுத்து உயரம் குறைக்கணும். காலையில் வெயில் வர பக்கம் நாற்காலி. உள்தாழ்ப்பாள் கழட்டணும். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. அதை மட்டும் நான்கைந்து தடவை படித்தேன். கொசுவலையும் கம்பியும் எனக்கு ஆகும், வெயில் வரும் பக்கம் நாற்காலி என்று எழுதியதைப் படித்ததும் கண் கரித்தது, அடுத்த வரி வந்து அதை மூடிவிட்டது. உள்தாழ்ப்பாளை எதற்குக் கழற்றுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அம்மாவின் அறைக் கதவிலிருந்து நான் கழற்றினேன், அவள் குளிக்கும்போது, திருப்புளி வைத்து, நான்கு திருகு, நான்கு ஓட்டை. உள்ளே போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் கத்துவாள் என்று. குளித்துவிட்டு வந்தவள் ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள், எல்லாவற்றையும் மாற்றிவிட்டாய் என்று சொன்னவள் அன்று மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஆக சவரிக்கும் ரெஜினாவுக்கும் ஏற்கெனவே தெரியும். அல்லது அவர்களும் சந்தேகப்படுகிறார்கள். சிலை கையிலிருந்து விழுந்தது என்று போனில் சொன்னேனே, அன்றிலிருந்தா? காலையில் அவன் என்னைப் பார்த்தது அதுதானா, நான் சிலையை எடை போடுகிறேன் என்றால் அவன் என்னை எடை போட வந்திருக்கிறானா? தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன், சட்டையை மேலே வைத்தேன், ஜிப்பை இழுத்தேன். முழுக்க மூடியதா, முக்கால்வாசி மூடியதா? எவ்வளவு மூடியிருந்தது என்று மறந்துவிட்டது.

"அக்கா, காப்பி கெடைக்குமா?" குரல் உள்ளேயிருந்து வந்தது, தூங்கி எழுந்த குரல்தான், கரகரத்தது. போட்டேன். அவன் முகம் கழுவி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான், பை அவன் காலடியில். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து அவனிடம் கொடுத்ததைக் கவனித்தான். "வலி எப்படி இருக்கு?" "இருக்கு." "அங்க ஒரு ஆயுர்வேத டாக்டர் இருக்காரு." "ஸ்தபதி எத்தனை நாள்டா இத வெச்சிருந்தாரு?" "ஏன்?" "சும்மா கேட்டேன்." "சும்மா கேக்குற ஆளா நீ?" காப்பியை ஊதினான், குடிக்கவில்லை. நான் சொல்லிவிட்டேன். "கூடியிருக்குடா. முக்கால் கிலோ." அவன் டம்ளரோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தான், முகத்தில் பயம் மாதிரி ஒன்று வந்தது, பிறகு சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு, காப்பி மடியில் சிந்தியது. "தராசுன்னு சும்மாவா பேர் வெச்சாங்க! திட்டமாட்டேன்னு சொல்லு, சொல்றேன்." "மொதல்ல சொல்லு." "பீடத்த ஒட்ட மட்டுந்தான் சொன்னேன்க்கா. அந்தாளு கவுத்துப் பாத்துட்டு, சார், உள்ள ஒண்ணுமே இல்லியே, வெறும் கூடுங்கறாரு. வெள்ளக்காரன் வார்ப்பு அப்படித்தான்யா, நீ ஒட்டிக் குடுன்னேன். எங்க பட்டறையிலேர்ந்து பொள்ளலா ஒரு உருப்படி வெளில போகாது சார், எங்கப்பா ஒத்துக்கமாட்டாருங்கறாரு. அவங்கப்பா செத்து இருபது வருஷமாச்சாம்! அரக்கும் செங்கத்தூளும் காய்ச்சி உள்ள ஊத்தி ரொப்பிட்டாரு." "எவ்ளோ ஊத்தினாரு?" "எழுநூத்தம்பது கிராம் புடிச்சுதுன்னாரு." "கண்ணு?" டம்ளரைக் கீழே வைத்தான். "அதையும் பாத்துட்டியா? ரெஜினா அப்பவே சொன்னா, அண்ணி கண்ணாடி போட்டுத்தான் பாப்பாங்க, பேசாம செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சுட்டு வந்துடுங்கன்னு. கண்ணு தொறக்காம அனுப்பினா எனக்குத் தூக்கம் வராதுங்கறாரு அந்தாளு. யோவ், இது சாமி இல்லய்யா, எவனோ சண்டையில குத்துப்பட்டவன்னு சொன்னேன். அதனாலதான் சார், சாகப்போற மனுஷன், கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போவட்டுமேன்னாரு. அடுத்த வாட்டி நான் போறதுக்குள்ள உளி வெச்சுட்டாரு. அப்பா வாங்கின பொருளு, இப்படிப் பண்ணிட்டானேன்னு ரெண்டு மாசமா உங்கிட்ட சொல்ல பயந்துகிட்டு இழுத்தேன். நீ சிலையைவிட்டு நகரவே இல்லியா, கண்டுபுடிச்சிட்டியோன்னு சாப்பாடே எறங்கல எனக்கு."

எழுநூற்றைம்பது. கை பொய் சொல்லவில்லை. மணிக்கட்டு போயிருக்கிறது, எடை போகவில்லை, ஹமீது பாய் இருந்தால் மேசையைத் தட்டிச் சிரித்திருப்பார். சவரி திருடன் இல்லை, பயந்தாங்கொள்ளி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், கண்ணாடி டம்ளர் உடைந்தால் துண்டுகளை மண்ணில் புதைத்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பான். சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது, என்னைப் பார்த்தது, மூன்று மாதம், ரொம்ப நல்லாருக்கு என்றது, எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் சிரித்தேன், அவனும் சிரித்தான், அந்த ஸ்தபதியைப் பார்க்க வேண்டும்போல இருந்தது எனக்கு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மெதுவாக, குரலை உயர்த்தாமல், ஒன்று கேட்டது. முக்கால் கிலோ என்று முதலில் சொன்னது நீதானே, நீ சொன்ன பிறகுதானே அவன் எழுநூற்றைம்பது என்றான்? அவன் அதற்கு முன்னால் ஒரு எண்ணும் சொல்லவில்லையே? இல்லை, சொல்லவில்லை. போனில் அந்த ஸ்தபதியோடு பேசச் சொன்னால் அவரும் எழுநூற்றைம்பது என்றுதான் சொல்வார். சரிக்கட்டியிருந்தால். நான் சிரிப்பை நிறுத்தாமல் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பீடத்தைக் கழற்றி அரக்கைச் சுரண்டி அவன் காட்டினாலும் அது போகாது, ரிக்ஷாவில் பக்கத்தில் உட்கார்ந்து வரும். கை சரி, தம்பி சரி, இரண்டு தட்டும் நேராக நிற்கின்றன, முள் மட்டும் நிற்கவில்லை. அம்மா உரைகல்லைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபோது அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், ஆசாரியின் பதிலில் அவள் ஒரு குறையும் கண்டிருக்க மாட்டாள். சவரி பேசிக்கொண்டிருந்தான், ரெஜினா பின்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டாள், வாசலிலேயே காய்கறி வண்டி வரும், கோயில் ஐந்து நிமிட நடை, நீ இங்கே விழுந்து கிடந்தால் எனக்குத் தெரியவே இரண்டு நாளாகும். "என்னக்கா சொல்ற? வர்றியா?" அவன் கண் கலங்கியிருந்தது. நாலு மணி ஆகப்போகிறது. இப்போது சொல்லாவிட்டால், இன்னும் கொஞ்ச நாள் போனால், என் வாயிலிருந்து வரும் பதில் என்னுடையதாக இருக்காது.

"வர்றேன்" என்றேன். அவன் என் கையைப் பிடித்தான், வலிக்கும் என்று ஞாபகம் வந்து உடனே விட்டான். "ஆனா அந்த அறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும். கழட்டக் கூடாது. முடியாமப் போற அன்னைக்கு நானே சொல்றேன், அப்ப கழட்டிக்கலாம்." அவன் சரி என்று தலையாட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். தாழ்ப்பாளைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கண் கீழே இறங்கிப் பைக்குப் போனது, ஜிப்பில் கொஞ்ச நேரம் நின்றது, என்னிடம் திரும்பி வந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். "சரிக்கா" என்றான், "ரெஜினாகிட்ட சொல்லிடறேன், இருக்கட்டும், தாழ்ப்பாள் இருந்துட்டுப் போவட்டும்." சொல்லிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்தபடியே, காலால் அந்தப் பையை மெதுவாகத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டான்.